காரோடு வந்த பெட்டி போதாது: பெரிய காயத்துக்கான முதலுதவிப் பையை நாமே சேர்ப்பது எப்படி?

கேள்வி இதுதான். சென்னையிலிருந்து மாதம் ஒருமுறையாவது தென்மாவட்டத்துச் சொந்த ஊருக்குக் காரில் போகும் குடும்பம். காரோடு கொடுத்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் கொஞ்சம் பிளாஸ்திரி, ஒரு பஞ்சு உருளை, சின்ன பாட்டிலில் கிருமிநாசினி. நெடுஞ்சாலையில் பெரிய அடி பட்டால் உதவும்படி ஒரு பை வேண்டும். என்ன வாங்குவது, எத்தனை வாங்குவது, எங்கே வைப்பது?

அந்தப் பெட்டி கீறலுக்கானது. சாலையில் உயிர் போவது கீறலால் இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இருசக்கர வண்டியில் போனவர்கள். தலைக்குள் பட்ட அடிக்கும் வயிற்றுக்குள் கசியும் ரத்தத்துக்கும் எந்தப் பையிலும் வைத்தியம் கிடையாது. அப்படி அடிபட்டவர்களுக்குத் தேவை அறுவை அரங்கு. ஆனால் கையிலிருந்தோ காலிலிருந்தோ வெளியே கொட்டும் ரத்தத்தை, பக்கத்தில் நிற்கும் யாரும் நிறுத்த முடியும். பெரியவர் ஒருவர் உடலில் இருப்பது ஏறக்குறைய 5 லிட்டர். அதில் 2 லிட்டர் போனாலே நிலைமை கைமீறத் தொடங்கும். தொடையின் பெரிய தமனி அறுபட்டால் அந்த அளவு சில நிமிடங்களில் போய்விடும். 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்தச் சில நிமிடம் உங்களுடையதுதான். பையில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஒரு பை வேண்டாம், இரண்டு வேண்டும். ரத்தப்போக்குக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று. ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டால், கை நடுங்கும் நேரத்தில் பாராசிட்டமால் அட்டைக்கும் தைலத்துக்கும் அடியில் காஸை, அதாவது காயத்துக்கான வலைத்துணியை, தேட வேண்டி வரும். முதல் பை சிவப்பு நிறத்தில், மூன்று பக்கமும் ஜிப் வைத்து, புத்தகம் மாதிரி விரிந்து கிடக்கும் வகையாக இருக்கட்டும். அதற்குள் மாத்திரை ஒன்றுகூட வைக்காதீர்கள்.

சிவப்புப் பை

திறந்ததும் கையில் படவேண்டியது கையுறை. நைட்ரைல் கையுறை, பெரிய அளவு, நான்கு ஜோடி. லேடெக்ஸ் வேண்டாம்: சிலருக்கு ஒவ்வாமை வரும், கார் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழுத்ததும் கிழியும். கறுப்பு நிறத்தையும் தவிருங்கள். இருட்டில் ஒருவரின் முதுகுக்கடியில் கைவிட்டுப் பார்க்கும்போது ரத்தம் ஒட்டியிருக்கிறதா என்று நீலக் கையுறையில் தெரியும், கறுப்பில் தெரியாது. ஜோடி ஜோடியாகச் சுருட்டி வையுங்கள். ஐம்பது உள்ள டப்பாவை அப்படியே திணிக்காதீர்கள்.

அடுத்து டிராமா ஷியர்ஸ் என்ற கத்தரிக்கோல், ஒன்று. நுனி மழுங்கி, கழுத்து வளைந்து இருக்கும். ஜீன்ஸ், பாவாடை நாடா, சீட் பெல்ட் எல்லாவற்றையும் உடம்பைக் குத்தாமல் வெட்டும். துணியை வெட்டிப் பார்க்காமல் காயம் எங்கே என்று தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற காயத்துக்கு எல்லோரும் கட்டுப்போட்டு முடிப்பார்கள். பேன்ட்டுக்குள் இருக்கும் இரண்டாவது காயத்திலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டே இருக்கும். இப்படித்தான் பலமுறை நடக்கிறது.

பிறகு டூர்னிக்கெட், அதாவது கையையோ காலையோ சுற்றி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை, ஒன்று, முடிந்தால் இரண்டு. 10 செ.மீ. அகல காஸ் ரோல் நான்கு. ரத்தம் உறையவைக்கும் டிரெஸ்ஸிங் ஒன்று. அழுத்தக் கட்டு ஒன்று, அல்லது அதற்குப் பதிலாக 10 செ.மீ. கிரேப் பேண்டேஜ் இரண்டும் 10×20 செ.மீ. அளவில் தடித்த கம்ஜி பேட் (காஸுக்குள் பஞ்சு வைத்த திண்டு) இரண்டும். முக்கோணத் துணி இரண்டு. அழியாத மார்க்கர் பேனா. தலையில் மாட்டும் டார்ச். மெல்லிய பருத்திப் போர்வை அல்லது வெள்ளித்தாள் போன்ற மீட்புப் போர்வை ஒன்று. செயற்கைச் சுவாசத்துக்கான வாய்த்தடுப்பு ஒன்று. சிவப்புப் பைக்கு இவ்வளவு போதும்.

காஸும் கிரேப்பும் கம்ஜி பேடும் பெரிய அரசு மருத்துவமனைகளின் எதிரில் இருக்கும் சர்ஜிக்கல் கடைகளில் கேட்ட உடனே கிடைக்கும். டூர்னிக்கெட் விஷயம் அப்படி இல்லை. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சர்ஜிக்கல் கடையில் டூர்னிக்கெட் என்று கேட்டால், ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் ரப்பர் பட்டையைத்தான் தருவார்கள். அது வேறு வேலைக்கு. மெல்லிய ரப்பர் பட்டை தோலுக்கு அருகில் உள்ள சிரையை மட்டும் அடைக்கும், ஆழத்தில் உள்ள தமனியை விட்டுவிடும். ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், திரும்பிப் போக வழி இருக்காது, காயத்திலிருந்து முன்னைவிட அதிகமாகக் கொட்டும். பெல்ட், கயிறு, ஒயர் எல்லாவற்றிலும் இதே கோளாறுதான். கட்டினோம், கட்டியும் நிற்கவில்லை என்பார்கள். பாதி இறுக்கிய கட்டு, கட்டாமல் விட்டதைவிட மோசம்.

உங்களுக்கு வேண்டியது நாலு செ.மீ. அகலப் பட்டையும் முறுக்குத் தடியும் உள்ள வகை. உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது காம்பாட் அப்ளிகேஷன் டூர்னிக்கெட், சுருக்கமாக கேட். அமெரிக்காவிலேயே ஏறக்குறைய 30 டாலருக்கு விற்கும் பொருள் இணையக் கடையில் 400 ரூபாய்க்கு வந்தால் அது போலிதான், சந்தேகமே வேண்டாம். போலியில் மூன்று இடம் தோற்கும்: முறுக்கும்போது தடி வளையும் அல்லது ஒடியும், தடியைப் பூட்டும் கொக்கி தெறிக்கும், வெல்க்ரோ பிரியும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உடையும்போதுதான் வித்தியாசம் தெரியும், அப்போது மாற்ற நேரம் இருக்காது. நல்லது வாங்கப் பணம் இல்லையென்றால் போலியை வாங்குவதைவிட அந்தக் காசுக்கு இன்னும் ஆறு காஸ் ரோல் வாங்குங்கள்.

போடும் முறை: காயத்துக்கு மேலே, இதயத்தின் பக்கமாக, நாலு விரற்கடை தள்ளி. முழங்கை, முழங்கால் மூட்டின் மேல் போடக்கூடாது. அங்கே எலும்பு தமனியின் மேல் அழுத்தம் படாமல் தடுத்துவிடும். காயம் எங்கே என்றே தெரியாத அளவு ரத்தமென்றால், துணிக்கு மேலேயே கையின் அல்லது காலின் வேர்ப்பகுதியில் எவ்வளவு உயரத்தில் முடியுமோ அங்கே போடுங்கள். பாக்கெட்டில் போன், சாவி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பட்டைக்கு அடியில் அது மாட்டினால் அழுத்தம் சேராது.

பட்டையை வளையத்தில் இழுக்கும்போதே முழு பலத்தையும் காட்ட வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே மூன்று விரல் நுனி நுழையக்கூடாது. பலர் இங்கே தளர விட்டுவிட்டு, தடியை முறுக்கியே சரிசெய்யப் பார்ப்பார்கள். தளர்ச்சி மிச்சமிருந்தால் தடி நாலைந்து சுற்று போய்விடும், பட்டை மடிந்து சுருளும், ரத்தம் நிற்காது. சரியாக இழுத்திருந்தால் மூன்று அரைச்சுற்றுக்குள் நின்றுவிடும். நின்றதும் தடியைக் கொக்கிக்குள் தள்ளுங்கள், வெல்க்ரோவை மேலே ஒட்டுங்கள், மணியை எழுதுங்கள். பட்டையில் இடம் இல்லையென்றால் நெற்றியில் மார்க்கரால் எழுதலாம். மருத்துவமனையில் முதலில் பார்க்கப்போவது முகத்தைத்தான்.

வலிக்கும், பயங்கரமாக வலிக்கும். அடிபட்டவர் அலறுவார், அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சுவார், சுற்றி நிற்பவர்களும் பாவம் தளர்த்துங்கள் என்பார்கள். தளர்த்தாதீர்கள். வலிப்பதால் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால் கைகால் போய்விடும் என்ற பயம் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்தி விடவேண்டும் என்பது பழைய பாடம். ஒவ்வொரு தடவை தளர்த்தும்போதும் கொஞ்சம் ரத்தம் போகும், அப்போதுதான் உருவான கட்டியும் பெயர்ந்துவிடும். ஒன்று போட்டும் நிற்கவில்லையென்றால் அதற்குச் சற்று மேலே இரண்டாவதைப் போடுங்கள், முதலாவதைக் கழற்றாதீர்கள். இரண்டு வாங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

டூர்னிக்கெட் இல்லாத நேரத்தில் துண்டையோ துப்பட்டாவையோ நாலைந்து செ.மீ. அகலப் பட்டையாக மடித்து இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, அதன்மேல் கார் டூல்ஸில் இருக்கும் ஸ்பேனரை வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு முறுக்கலாம். பேனா, மரக்குச்சி ஒடிந்துவிடும். முறுக்கிய பிறகு ஸ்பேனரின் ஒரு முனையைக் கைகாலோடு சேர்த்துக் கட்டாவிட்டால் அது திரும்பி அவிழ்ந்துவிடும். இது அவசரத்துக்குத்தான், பட்டைக்கு ஈடாகாது.

வாங்கிய டூர்னிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைக்காதீர்கள். பிரித்து, பட்டையை வளையத்தில் கோத்து, பெரிய வளையமாக மடித்து, இழுக்கும் முனை வெளியே தெரியும்படி வையுங்கள். ரத்தம் பட்ட கையுறையோடு அந்த உறையை ஒருமுறை பிரிக்க முயன்றுபார்த்தால் ஏன் என்று புரியும். வீட்டில் பழகுவதற்கு நீல நிறத்தில் பயிற்சி டூர்னிக்கெட் தனியாக விற்கிறார்கள். திரும்பத் திரும்ப முறுக்கிப் பழகிய பட்டையைப் பைக்குள் வைக்கக்கூடாது. தடியும் தையலும் அயர்ந்திருக்கும்.

காஸை உள்ளே திணிப்பது

தொடை இடுக்கு, அக்குள், கழுத்தும் தோளும் சேரும் இடம்: இங்கெல்லாம் டூர்னிக்கெட் போட இடமே இல்லை. காஸ்தான் வழி. மேலே வைத்துக் கட்டினால் போதாது, காயத்துக்குள் திணிக்க வேண்டும். படிக்கவே ஒருமாதிரி இருக்கும். ஆனால் பெரும்பாலோர் செய்யாமல் விடும் வேலையும் இதுதான்.

தேங்கிய ரத்தத்தைக் காஸால் ஒற்றி எடுங்கள். எந்த இடத்திலிருந்து ரத்தம் ஊறுகிறது அல்லது பீறுகிறது என்று பாருங்கள். அந்த இடத்திலேயே விரலை வைத்து, அடியில் உள்ள எலும்பை நோக்கி அழுத்துங்கள். இப்போது விரலுக்கு அடியில் காஸின் நுனியைக் கொண்டுபோய், ஒரு விரலை எடுக்குமுன் இன்னொரு விரல் அழுத்தியபடி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊட்டுங்கள். இனி இடமில்லை என்னும்வரை. தொடையில் ஆழமான காயம் ஒன்றே மூன்று நான்கு மீட்டர் காஸை விழுங்கிவிடும். நான்கு ரோல் கேட்டதற்குக் காரணம் அது. நிரம்பிய பின் மேலே ஒரு கொத்துக் காஸ், அதன்மேல் இரண்டு உள்ளங்கை, முழங்கை மடங்காமல், உங்கள் முழு எடையும். சாதாரண காஸ் என்றால் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். நின்றிருக்குமா என்று எட்டிப் பார்க்கும் ஆசைதான் இந்த வேலையைக் கெடுக்கிறது.

ரத்தம் உறையவைக்கும் டிரெஸ்ஸிங் இருந்தால் அந்தப் பத்து நிமிடம் மூன்றாகக் குறையும். கயோலின் என்ற களிமண் தடவிய குவிக்கிளாட், இறால் போன்றவற்றின் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் வகையில் செலாக்ஸ் ஆகியவை வெளிநாட்டுத் தயாரிப்புகள். இந்தியாவிலேயே தயாராகும் ஆக்ஸியோஸ்டாட்டும் கைட்டோசான் வகைதான். காயத்துக்குள் ஊட்ட வேண்டுமென்றால் நீள்பட்டையாக வருவதைக் கேட்டு வாங்குங்கள். சதுரத் துண்டு மேலே வைப்பதற்குத்தான் நன்றாக உதவும். காயத்தில் கொட்டும் பொடி வகை வேண்டாம். பீறிடும் ரத்தம் அதை வெளியே தள்ளிவிடும். எந்த வகையானாலும் அழுத்தம்தான் ரத்தத்தை நிறுத்துகிறது, மருந்து கூடவே உதவுகிறது. வைத்துவிட்டுக் கையை எடுத்தால் விலையுயர்ந்த துணி நனைவதுதான் மிச்சம்.

நின்றதும் மேலே கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுங்கள். இஸ்ரேலி பேண்டேஜ் என்று விற்கும் அழுத்தக் கட்டில் ஒரு பிளாஸ்டிக் வில் இருக்கும். அதில் பட்டையைக் கோத்து எதிர்ப்பக்கமாக இழுத்தால் காயத்தின் மேல் அழுத்தம் குவியும். நல்ல பொருள், ஆனால் கம்ஜி பேடும் கிரேப்பும் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். கட்டு நனைந்தால் மேலே மேலே துணியை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். அடுக்கு கூடக்கூட அழுத்தம் பரவி ஆழம் போகாது. அழுத்தத்தைக் கூட்டுங்கள், அதிலும் நிற்கவில்லையென்றால் பிரித்து மறுபடி சரியான புள்ளியில் திணியுங்கள்.

நெஞ்சிலும் வயிற்றிலும் எதையும் திணிக்கக்கூடாது. குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல் சலைனில் நனைத்த காஸால் மூடுங்கள். உடம்பில் கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்கவே பிடுங்காதீர்கள். அதுவே ஒரு தக்கையாக ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். அசையாதபடி இரண்டு பக்கமும் காஸ் ரோலை அணைகொடுத்துக் கட்டுங்கள். நெஞ்சில் காற்று போகும் ஓட்டை இருந்தால் மூன்று பக்கம் பிளாஸ்டிக் ஒட்ட வேண்டும் என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். பயிற்சி இல்லாதவர் அதைச் செய்ய வேண்டாம் என்பதே இப்போதைய அறிவுரை. முழுக்க அடைபட்டால் உள்ளே காற்று சேர்ந்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும். திறந்த ஓட்டையைவிட அது சீக்கிரம் கொல்லும். அதனால் நெஞ்சு ஓட்டையின் மேல் ஒட்டும் செஸ்ட் சீலை முதல் பட்டியலில் சேர்க்கவில்லை. பயிற்சி எடுத்தபின் வால்வு உள்ளதாக வாங்கிக்கொள்ளலாம்.

பைக்கு வெளியே நிறுத்த வேண்டியவை

பஞ்சு. காயத்தில் நேரடியாக வைத்தால் இழை இழையாக ஒட்டிக்கொள்ளும், மருத்துவமனையில் அதை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டி வரும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, கலக்காத டெட்டால்: கிருமியோடு சேர்த்து ஆறவேண்டிய சதையையும் எரிக்கும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சர்க்கரை: நம் வீடுகளில் கை வெட்டிக்கொண்டால் உடனே சமையலறைக்கு ஓடுவார்கள். சின்ன வெட்டில் ரத்தம் தானாகவே நிற்கும், பெயர் காப்பித்தூளுக்குப் போகும். பெரிய வெட்டில் அது அழுக்கு மட்டுமே. கூட்டம் கூடியதும் யாராவது சோடா வாங்கிவந்து கொடுப்பார்கள். பலத்த அடி பட்டவருக்குத் தண்ணீர்கூட வேண்டாம். மயங்கினால் மூச்சுக்குழாய்க்குள் போகும், அறுவைக்கு மயக்கமருந்து கொடுப்பதும் ஆபத்தாகும். நாக்கு வறண்டால் உதட்டை மட்டும் நனையுங்கள்.

அடிபட்டவரைப் போர்த்துங்கள். நம் ஊர் வெயிலில் போர்வை எதற்கு என்று தோன்றும். ரத்தம் இழந்தவர் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது. மழையில் நனைந்தவருக்கு இது இரட்டிப்பு. அடியில் ஒன்று, மேலே ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

ஹெல்மெட் போட்டிருப்பவர் மூச்சுவிடுகிறார், வாந்தி இல்லை என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். தீ, எதிரே வரும் வண்டி போன்ற ஆபத்து இல்லாவிட்டால் இழுத்து நகர்த்தவும் வேண்டாம். மூச்சே இல்லையென்றால் கதை வேறு: நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு, 108 வரும்வரை அழுத்துங்கள். ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தும் வேலையை இன்னொருவரிடம் அப்போதே கொடுங்கள்.

சிவப்புப் பையில் டூர்னிக்கெட் இருப்பதாலேயே ஓர் ஆபத்தும் உண்டு. பாம்பு கடித்தால் அதை எடுத்துக் கட்டத் தோன்றும். கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் எதுவானாலும் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட கையையோ காலையோ முறிந்த எலும்புக்குச் செய்வதுபோல் அட்டை வைத்து அசையாமல் நிறுத்தி, மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றி, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விரியன் கடியில் கைகால் வீங்கும். மேலே கட்டும் இருந்தால் அந்தப் பகுதியே அழுகிவிடும். கட்டுவிரியன் பல்தடம் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். இரவில் தரையில் படுத்தவர் வயிற்றுவலி, இமை சரிவோடு எழுந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது பை

இதில் சட்டென்று முடிக்கலாம். உறையிட்ட காஸ் ஸ்வாப் 10×10 செ.மீ. பத்து. 100 மி.லி. சலைன் பாட்டில் இரண்டு. மூடியில் ஊசித்துளை போட்டுப் பிழிந்தால் மண்ணைக் கழுவித் தள்ளும் வேகம் கிடைக்கும், அது இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீர் போதும். பொவிடோன் அயோடின் களிம்பு ஒன்று. பிளாஸ்திரி இருபது. மைக்ரோபோர் டேப் ஒன்று. சுளுக்குக்கு கிரேப் ஒன்று. சிறுகிடுக்கி, டிஜிட்டல் தெர்மாமீட்டர், சோப்பு ஒரு கட்டி. சோப்பு ஏன் என்றால், நாய் கடித்தால் முதல் வைத்தியம் அதுதான்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. அதன்பின் அன்றே தடுப்பூசி. கட்டுப்போடவும் வேண்டாம், மிளகாய்த்தூளும் வேண்டாம்.

மாத்திரைகளில் பாராசிட்டமால் 500 ஒரு அட்டை, ஒவ்வாமைக்கு செட்டிரிசின் 10 ஒரு அட்டை, ஆஸ்பிரின் 325 நான்கு. ஆஸ்பிரின் நெஞ்சுவலிக்கு: மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால், ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு ஒன்றை மென்று விழுங்கச் சொல்லுங்கள். வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் அது பக்கவாதம், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடிபட்டு ரத்தம் போகிறவருக்கும் கூடாது. ஆண்டிபயாடிக் எதுவும் பையில் வேண்டாம். சர்க்கரை நோயாளி வீட்டில் இருந்தால் குளுக்கோஸ் பொடி 100 கிராம்.

ஓ.ஆர்.எஸ். நான்கு பாக்கெட். உறையைப் படியுங்கள்: 20 கிராம் சொச்சம் உள்ளது 1 லிட்டருக்கு, 4 கிராம் சொச்சம் உள்ளது 200 மி.லி.க்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து மடங்கு உப்பு உடம்பில் ஏறும், வயிற்றுப்போக்கைவிட அது மோசம். பையில் அளவு குறித்த 1 லிட்டர் பாட்டில் ஒன்றும் வைத்துவிட்டால் குழப்பமே இல்லை.

சுட்டுக்கொண்டால் பற்பசை, இங்க், இட்லி மாவு எதுவும் தடவாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர். ஐஸ் கட்டி வேண்டாம். ஆறியபின் சமையலறையில் சாப்பாட்டை மூடும் கிளிங் ஃபிலிமைக் காயத்தின்மேல் நீளவாக்கில் பரப்புங்கள், சுற்றி இறுக்கவேண்டாம். அது ஒட்டாது, மருத்துவர் பிரிக்காமலே பார்க்கலாம். பைக்கென்று சின்ன ரோல் ஒன்று வாங்கி வையுங்கள்.

இரண்டு பைக்குள்ளும் ஆளுக்கொரு சீட்டு. எல்லோரும் ரத்த வகையை எழுதுவார்கள். மருத்துவமனையில் அதை நம்பி ரத்தம் ஏற்றமாட்டார்கள், மறுபடி பார்த்துத்தான் ஏற்றுவார்கள். சாப்பிடும் மருந்தின் பெயர், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை, சர்க்கரை, ரத்த அழுத்தம், இரண்டு தொலைபேசி எண். இவைதான் அவர்களுக்குத் தேவை.

எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது

டிக்கியில் வைக்காதீர்கள். பின்னால் வந்து மோதினால் டிக்கி திறக்காது. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்பக்கம், சீட்டின் முதுகில் பட்டையால் கட்டி, கவிழ்ந்தாலும் பறக்காத மாதிரி வையுங்கள். காரில் உள்ள எல்லோருக்கும், எட்டு வயதுப் பிள்ளைக்கும், பை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்திரியின் பசை உருகி வழியும், கிரேப் இழுவை இழக்கும், மாத்திரை வீரியம் போகும், சாதாரண பேட்டரி கசிந்து டார்ச்சைத் தின்னும். அதனால் மாத்திரையும் களிம்பும் உள்ள இரண்டாவது பையைப் பயணம் முடிந்ததும் வீட்டுக்குள் எடுத்துப்போங்கள். சிவப்புப் பை காரிலேயே இருக்கலாம். காஸுக்கும் கத்தரிக்கும் வெயில் ஒன்றும் செய்யாது, கிரேப்பை மட்டும் அவ்வப்போது இழுத்துப் பாருங்கள். டார்ச்சின் பேட்டரியைக் கழற்றி அதே பையில் தனி உறையில் வையுங்கள், அல்லது கசியாத லித்தியம் செல்லாகப் போடுங்கள். ஆல்கஹால் சானிடைசர் பாட்டிலை வெயில் காரில் விடவேண்டாம், அது தீப்பற்றும் பொருள்.

நெடுஞ்சாலையில் 108ஐ அழைக்கும்போது கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். நடுவே தடுப்புள்ள சாலையில் பக்கம் மாறினால் ஆம்புலன்ஸ் பல கிலோமீட்டர் சுற்றி வரவேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கும் சொல்லலாம். முன்பின் தெரியாதவருக்கு உதவினால் போலீஸ் கேஸில் மாட்டுவோம் என்ற தயக்கம் பலருக்கு இன்னும் இருக்கிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் இதற்கான பாதுகாப்பை உறுதி செய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவே அது வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. செலவை யார் கொடுப்பது என்றும் நிற்க வேண்டாம்: தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கும் ஆடிக்கும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது, இரண்டு பையையும் தரையில் கொட்டிப் பாருங்கள். காஸ் உறையில் ஓட்டை, காலாவதித் தேதி, கையுறையின் பிசுபிசுப்பு, டார்ச் எரிகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு டூர்னிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பத்து விநாடிக்குள் கைக்கு வரவில்லையென்றால் அது இருக்கும் இடத்தை மாற்றுங்கள்.